உடம்பில் பாதியை மறக்க வைக்கும் வாதம்



பக்கவாதம் கண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவரைப் பார்த்து, "பேச்செல்லாம் தெளிவாத்தான் இருக்கு, கையை அசைக்கத்தான் சோம்பல்" என்று லயத்தில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அப்படிச் சொல்லுமுன் கொஞ்சம் கவனியுங்கள். தட்டில் வலது பக்கச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு இன்னும் பசிக்குது என்கிறாரா? முகத்தில் வலது பாதியை மட்டும் சவரம் செய்கிறாரா? சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு எழுந்து வருகிறாரா? தம் இடது கையைக் காட்டி, "இது யாரு கை?" என்று கேட்பவரும் உண்டு.

இது சோம்பலும் இல்லை, பிடிவாதமும் இல்லை, யாரும் வைத்த செய்வினையும் இல்லை. நமது மூளையின் வலது பாதிதான் உடம்பின் இடது பக்கத்தை நடத்துகிறது. அங்கே ரத்தக்குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ இடது கைகால் விழுந்துவிடலாம். சிலருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருக்கிற நினைப்பே போய்விடுகிறது. கண்ணில் குறை இல்லாவிட்டாலும் மூளை அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

படிப்பறிவு இல்லாததால் வருவதும் அல்ல இது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 36 ஆண்டுகள் நீதிபதியாக இருந்த வில்லியம் டக்ளசுக்கு 1974 டிசம்பர் 31-இல் வாதம் வந்தது. இடது பக்கம் விழுந்தும் தமக்கு ஒன்றுமில்லை என்றே சாதித்தார். 1975 நவம்பரில் பதவி விலக நேர்ந்தது.

இருப்பதே தெரியாத கைக்கு யார் பயிற்சி கொடுப்பார்? இவர்கள் தேறுவது மற்றவர்களைவிடத் தாமதமாவது அதனால்தான். தொங்கும் கையின் தோள்மூட்டு இறங்கி வலிக்கும். சக்கர நாற்காலியில் விரல் சிக்கும். வாசற்படியில் கால் இடறும்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை பல. முதலில், கண்டதை டாக்டரிடமும் பிசியோவிடமும் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காரும்போது இடது பக்கமாக உட்கார்ந்து கூப்பிடுங்கள். திரும்பாவிட்டால் அந்தக் கையை மெல்லத் தொட்டுக் கூப்பிடுங்கள். குளிக்கும்போது அவருடைய வலது கையாலேயே இடது கைக்குச் சோப்புப் போடச் சொல்லுங்கள். சட்டை மாட்டும்போது இடது கை முதலில். தட்டின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டி, அதைத் தேடிப் பார்க்கப் பழக்குங்கள். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது. முதல் சில மாதங்களில்தான் தேறுதல் அதிகம். அந்த நாட்களை ஏச்சிலும் சண்டையிலும் கழிக்காதீர்கள்.

மண்டோர்மார்களுக்கும் ஒரு வார்த்தை. ஆள் பேசுகிறான், நடக்கிறான் என்று செம்பனைக் குலை வெட்ட அனுப்பிவிடாதீர்கள். இடது பக்கத்தில் விழும் குலையை அவர் காணமாட்டார். டாக்டர் சொல்லும்வரை மோட்டார்சைக்கிளும் வேண்டாம்.

சொக்சோ சந்தா கட்டியவருக்கு நிபந்தனைகளுக்கு உட்பட்டு இயலாமை ஓய்வூதியம் உண்டு. மறுவாழ்வுப் பயிற்சிக்கென்றே மலாக்காவில் 2014-இல் திறந்த துன் ரசாக் மறுவாழ்வு மையமும் சொக்சோவுடையதுதான். ஜொகூர்த் தோட்டங்களுக்கு அது தூரமில்லை. பாரம் நிரப்பத் தெரியவில்லையே என்று வீட்டோடு இருந்துவிட வேண்டாம். அடையாளக் கார்டையும் ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். அவர் வர முடியாவிட்டால் வீட்டுக்காரம்மாவோ பிள்ளையோ வந்தாலும் போதும்.