கறுப்புப் பட்டைக்குப் பின்

பிள்ளை கராத்தேயில் கறுப்புப் பட்டை பெற்றுவிட்டால், இனிக் கற்க ஒன்றுமில்லை என எண்ணும் பெற்றோர் பலர். ஆனால், அப்பட்டையின் முதல் நிலைக்கு ஜப்பானியர் சூட்டிய பெயரே 'ஷோடான்'. தொடக்கப்படி என்பது அதன் பொருள்!

டான் எனும் இப்படிமுறையை 1880களில் ஜூடோவுக்காக வகுத்தவர் ஜிகோரோ கானோ. ஒகினாவாவில் பிறந்த கிச்சின் ஃபுனகோஷி, 1924இல் டோக்கியோவில் அதனைக் கராத்தேக்கும் ஏற்றுக்கொண்டார். இன்று பெரும்பாலான அமைப்புகளில் பத்து டான்கள் உள்ளன.

மேல்படிகள் எளிதில் கிட்டுவதில்லை. ஒவ்வொரு தேர்வுக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும். உயர உயரக் காத்திருப்பும் நீளும். 'கத்தா' எனும் அசைவுத் தொடரும், எதிராளியுடன் பொருதும் 'குமித்தே'யும் சோதிக்கப்படும். உச்சப் படிகளிலோ உடல் வேகத்தைவிட, பிறருக்குக் கற்பித்த பணியும் பண்பட்ட நடத்தையுமே பெரிதும் எடைபோடப்படுகின்றன.

பெற்றோரே, சிந்தியுங்கள்! சில மாதங்களிலேயே கறுப்புப் பட்டை தருவதாகக் கூறிப் பணம் கேட்போர் விற்பது வெறும் துணியையே. அதை நம்பித் தெருவில் இறங்கும் பிள்ளைக்கு ஆபத்து நேரிட்டால், அத்துணி காக்குமா? வீடு திரும்பும் பிள்ளையிடம், "பட்டை எப்போது?" என வினவாதீர்கள். "இன்று என்ன கற்றாய்?" என்று கேளுங்கள்.