முதியோரின் முழங்கை முறிவும் சிக்கனமான சிகிச்சையும்

வாலிபர் ஒருவர் கால் இடறி வீழ்ந்தால் முழங்கையில் சிராய்ப்பு ஏற்படுவதோடு போய்விடும். அதே வீழ்ச்சியில் முதியவருக்கு எலும்பே முறிந்துவிடக்கூடும். ஆஸ்டியோபோரோசிஸ் எனப்படும் எலும்புப்புரை நோயினால் எலும்பின் உட்பகுதி அடர்த்தி குன்றி வலுவிழந்து நிற்பதே இதற்குக் காரணம். முழங்கை முடங்கினால் உணவை வாய்க்குக் கொண்டு செல்வதும், தலை வாருவதும், கையூன்றி எழுவதும் இயலாமற் போகும். ஆதலின் இதனைச் சிறு காயமெனக் கருதலாகாது.

முழங்கையின் பின்புறம் கூர்மையாகத் தட்டுப்படும் எலும்பு முனையை யாவரும் தொட்டறியலாம். மேற்கையின் முத்தலைத் தசை இம்முனையைப் பற்றியே கையை நீட்டுகின்றது. முனை முறிந்தால், தசை அத்துண்டை மேல்நோக்கி இழுத்துவிடுகின்றது.

விலகிய துண்டு ஒன்றேயாகி, முறிவும் குறுக்குவாட்டில் இருப்பின், எளிய முறையொன்று உண்டு. இரண்டு மெல்லிய எஃகு ஊசிகளை முறிவினூடே செலுத்தி, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை 8 என்னும் வடிவில் சுற்றி முறுக்குகின்றனர். இவ்வூசிகளை 1909இல் அறிமுகப்படுத்திய ஜெர்மானிய மருத்துவர் மார்ட்டின் கிர்ஷ்னரின் பெயராலேயே அவை வழங்குகின்றன. கை மடங்கும்போது முறிவின் பின்புறம் விரியாமல் கம்பி தடுக்கின்றது. தசையின் இழுப்பு மூட்டின் பக்கத்தில் துண்டுகளை நெருக்கும் விசையாக மாறுகின்றது என்பதே இதன் தத்துவம். இக்கம்பிகள் உலோகத் தகடுகளைவிட விலை மிகக் குறைந்தவை.

ஆயினும் இது எல்லா முறிவுக்கும் ஏற்றதன்று. பல துண்டுகளாக நொறுங்கிய முனைக்குத் தகடு வேண்டும். மேற்கை எலும்பின் கீழ்முனை நொறுங்கினால் இரு தகடுகளோ, செயற்கை மூட்டோ தேவைப்படலாம். செயற்கை மூட்டுப் பெற்றவர் ஆயுள் முழுதும் பளு தூக்கலாகாது. கம்பிமுனை தோலை உறுத்தினால், அதனை அகற்ற மறு அறுவையும் நேரலாம். 75 வயது கடந்தோரின் முனை முறிவுபற்றி ஸ்காட்லாந்தில் நடைபெற்று 2017இல் வெளியான சிறு ஆய்வொன்று, அறுவை செய்துகொண்டோரிடம் சிக்கல்கள் மிகுந்தமையால் இடையில் நிறுத்தப்பட்டது. எனவே அதிக உழைப்பில்லாத மூத்தோருக்குச் சில நாள் தூக்குக் கட்டும் பின்னர்ப் பயிற்சியுமே போதுமானதாகலாம். இதனை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே.

எம்முறையாயினும் நோக்கம் ஒன்றே: மூட்டை விரைவில் அசையச் செய்தல். வாரக்கணக்கில் அசைவின்றிக் கட்டிவைத்த முழங்கை இறுகிவிடும். வீங்கிய முழங்கையை எண்ணெயிட்டு உருவுவதும் பலவந்தமாக மடக்குவதும் தீங்கு பயக்கும்.

களப்பணியாளர் செய்யத்தக்கவை சில. முறிந்த கையை இழுத்து நேராக்க முயலாமல், இருந்த நிலையிலேயே தாங்கிக் கட்டுக. மோதிரம், வளையல்களைக் கழற்றுக. சுண்டுவிரல் மரத்தாலோ, கை குளிர்ந்து வெளுத்தாலோ, எலும்பு தோலைக் கிழித்திருந்தாலோ தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்புக. ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2024 அக்டோபரில் 70 வயது நிரம்பிய யாவருக்கும், வருமான வரம்பின்றி, விரிவாக்கப்பட்டது. திட்டத்தில் சேர்ந்துள்ள மாநிலங்களில் முதியோரின் அட்டைக்கு முன்னதாகவே வழி செய்க.

ஒருமுறை முறிந்த எலும்பு, மற்றொன்றும் முறியலாம் என்னும் எச்சரிக்கையாகும். கேழ்வரகு, பால் போன்ற சுண்ணாம்புச் சத்துள்ள உணவு, அளவான வெயில், நாள்தோறும் நடை, வழுக்காத குளியலறை, இரவில் ஒரு விளக்கு ஆகியவற்றை ஆசிரியர்கள் மாணவர் வாயிலாக வீடுதோறும் எடுத்துரைப்பார்களாயின், பல முறிவுகள் நேராமலேயே தடுக்கப்படும். அதனினும் சிக்கனமான சிகிச்சை வேறில்லை.