கதவு திறந்த பிறகு



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்கு, அமெரிக்க அரசுப் பள்ளிகளில் படிக்கும் கறுப்பினப் பிள்ளைகளைப் பற்றிய பொருளை எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். நம் முன்னோர் அந்தத் தூரத்தை எப்போதோ கடந்துவிட்டார்கள். மகாத்மா ஜோதிராவ் ஃபுலே 1873-ல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, கறுப்பின அடிமைகளின் விடுதலைக்குப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946-ல் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா. சபைக்குக் கொடுத்த மனுவின் படிகளைக் கேட்டார். 1972-ல் மும்பையில் தோன்றிய தலித் சிறுத்தைகள், ஓக்லாந்து நகரத்துக் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்தே தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்த உறவின் தொடர்ச்சியாகவே இன்று பேசுகிறோம்.

நம் கேள்வி இதுதான். பள்ளிக் கதவு சட்டப்படி திறந்துவிட்டது. உள்ளே போன பிள்ளைக்கு அதன் பிறகு என்ன நடக்கிறது? அந்தப் பிள்ளைக்குத் துணை நிற்பது என்றால் ஒரு பள்ளி என்ன செய்ய வேண்டும்?

1954 மே 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிரவுன் வழக்கில் தீர்ப்பளித்தது. வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி என்று அரசே பிரித்து வைப்பது அரசமைப்புச் சட்டத்துக்கு எதிரானது என்றது அந்தத் தீர்ப்பு. வழக்குக்குப் பெயர் தந்த பிரவுன் குடும்பம் கான்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரத்தைச் சேர்ந்தது. அந்த வெற்றியின் பெருமையை நாம் எந்த வகையிலும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பின் மறுபக்கம் நம் ஊரில் அதிகம் பேசப்படுவதில்லை.

தீர்ப்பு வருவதற்கு ஓராண்டுக்கு முன்பே, 1953 மார்ச்சில், டொபீகா பள்ளிகளின் கண்காணிப்பாளர் கறுப்பின ஆசிரியை ஒருவருக்குக் கடிதம் எழுதினார். நீதிமன்றம் பிரிவினையை ஒழித்துவிட்டால், வெள்ளைப் பிள்ளைகளுக்குக் கறுப்பின ஆசிரியர்கள் பாடம் நடத்துவதை நகரத்துப் பெரும்பான்மையினர் விரும்பமாட்டார்கள், ஆகவே உங்கள் பணியைப் புதுப்பிக்க இயலாது என்பது அதன் சாரம். தீர்ப்புக்குப் பிறகு தென் மாநிலங்களில் இதுவே பெரிய அளவில் நடந்தது. இரண்டு பள்ளிகளை ஒன்றாக்கியபோது பெரும்பாலும் மூடப்பட்டது கறுப்பினப் பள்ளிதான். அங்கே தலைமை ஆசிரியராக இருந்தவர் புதிய இடத்தில் துணைப் பதவிக்கு இறக்கப்பட்டார், அல்லது வீட்டுக்கு அனுப்பப்பட்டார். 1954 முதல் 1965 வரை 17 மாநிலங்களில் 38,000-க்கும் மேற்பட்ட கறுப்பின ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் வேலை இழந்தார்கள் என்பது கல்வி வரலாற்றில் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு.

பிள்ளைகளை உள்ளே விட்டார்கள். அந்தப் பிள்ளைகளை அறிந்தவர்களை வெளியே அனுப்பினார்கள். தாய் தகப்பனை, தெருவை, தேவாலயத்தை, வீட்டுக் கஷ்டத்தைத் தெரிந்துவைத்திருந்த ஓர் ஆசிரியத் தலைமுறையே கலைந்துபோனது. அந்த இழப்பு இன்னும் ஈடாகவில்லை. இன்று அமெரிக்க அரசுப் பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ 15 சதவீதம் பேர் கறுப்பினத்தவர். ஆசிரியர்களில் ஏறத்தாழ 6 சதவீதம் பேரே கறுப்பினத்தவர். தன் இனத்து ஆசிரியர் ஒருவரைக்கூடக் காணாமலே பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைகள் அங்கே ஏராளம்.

ஓர் ஆசிரியர் இருப்பதால் அப்படி என்ன மாறிவிடும்? வட கரோலினா மாநிலத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் கறுப்பின மாணவர்களின் பதிவுகளை எடுத்துப் பொருளியல் ஆய்வாளர்கள் 2017-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்புக்குள் ஒரேயொரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த ஏழைக் கறுப்பின ஆண் பிள்ளைகளிடம், உயர்நிலைப் பள்ளியில் இடைநிற்றல் 39 சதவீதம் குறைந்திருந்தது. ஒன்பது பத்து வயதில் கிடைத்த ஓர் ஆசிரியரின் நம்பிக்கை, பதினேழு வயதில் அந்தப் பிள்ளையைப் பள்ளியில் நிறுத்திவைக்கிறது.

அடுத்தது தண்டனை. அமெரிக்கக் கல்வித் துறையின் குடிமை உரிமை அலுவலகம் பள்ளிகளிடமிருந்து இனவாரியாகக் கணக்குக் கேட்டு வாங்கி வெளியிடுகிறது. 2013-14 கல்வியாண்டில் அரசு மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் 19 சதவீதம் பேர் கறுப்பினத்தவர். பள்ளிக்கு வராதே என்று இடைநீக்கம் செய்யப்பட்ட மழலைகளில் அவர்கள் 47 சதவீதம். நான்கு வயதுக் குழந்தையை இடைநீக்கம் செய்வதே நமக்கு வியப்பாக இருக்கும். அதிலும் பாதிப் பேர் கறுப்புக் குழந்தைகள். பெரிய வகுப்புகளிலும் இதே கதைதான். 2015-16 கணக்கின்படி கறுப்பின ஆண் பிள்ளைகள் மொத்த மாணவர்களில் 8 சதவீதம், இடைநீக்கம் ஆனவர்களில் 25 சதவீதம். பெண் பிள்ளைகள் மாணவர்களில் 8 சதவீதம், இடைநீக்கத்தில் 14 சதவீதம்.

அந்தப் பிள்ளைகள் அதிகம் சேட்டை செய்கிறார்கள், அதனால் தண்டனை என்று சொல்பவர்கள் உண்டு. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மழலையர் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு காணொளியைக் காட்டினார்கள். அதில் நான்கு குழந்தைகள்: ஒரு கறுப்பினச் சிறுவன், சிறுமி, ஒரு வெள்ளைச் சிறுவன், சிறுமி. யாராவது தவறாக நடக்கப்போகிறார்களா என்று கவனியுங்கள் என்றார்கள். உண்மையில் அந்தக் காணொளியில் யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆசிரியர்களின் கண் எங்கே போகிறது என்பதைக் கருவி மூலம் அளந்தபோது, அது கறுப்பினக் குழந்தைகள் மேல், குறிப்பாகச் சிறுவன் மேல், கூடுதல் நேரம் நின்றது. கறுப்பின ஆசிரியர்களின் கண்ணும் அப்படித்தான் போனது. ஆகவே சொந்த இனத்து ஆசிரியரை நியமித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாம் நினைக்கக் கூடாது. சமூகம் கற்றுக்கொடுத்த பார்வை எல்லாருக்குள்ளும் இறங்கியிருக்கிறது. அந்தப் பார்வையைத் திருத்த ஆசிரியர் பயிற்சி வேண்டும். தண்டனை விதியைத் திருத்த வேண்டும். யாரை, எதற்காகத் தண்டித்தோம் என்று பள்ளி ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும்.

பிள்ளையின் தலைமுடிகூட அங்கே குற்றமாகியிருக்கிறது. பின்னலும் சடையும் ஒழுங்கீனம் என்று வகுப்பிலிருந்து அனுப்பப்பட்ட பிள்ளைகள் உண்டு. 2019-ல் கலிஃபோர்னியா மாநிலம் முதன்முதலாக, முடியின் தன்மையையும் முடி அலங்காரத்தையும் காரணம் காட்டிப் பாகுபடுத்துவது இனப் பாகுபாடே என்று சட்டம் செய்தது. பிறகு பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின.

இனி மொழி. மக்கள் பேசும் மொழியை இலக்கியத்துக்குள் கொண்டுவந்து, அதற்காகக் கொச்சை என்று வசை வாங்கிய மரபு நம்முடையது. இந்த மன்றத்தில் இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. கறுப்பின மக்கள் வீட்டில் பேசும் ஆங்கிலம் இலக்கணம் இல்லாத உடைந்த ஆங்கிலம் அல்ல என்று மொழியியலாளர்கள் நிறுவியிருக்கிறார்கள். ஒரு காட்டு: 'ஹி பி வொர்க்கிங்' என்றால், அவர் இப்போது வேலை செய்கிறார் என்று பொருள் இல்லை, வழக்கமாக வேலை செய்பவர் என்று பொருள். பள்ளி ஆங்கிலத்தில் இதற்கெனத் தனி வினைவடிவம் கிடையாது.

இந்த மொழிக்காகவே ஒரு வழக்கு நடந்தது. மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரத்தில், மார்ட்டின் லூதர் கிங் பெயரைத் தாங்கிய தொடக்கப் பள்ளியில் படித்த ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளுக்கு வாசிப்பு வரவில்லை. பள்ளி அவர்களைக் கற்றல் குறைபாடு உள்ளவர்கள் என்று ஒதுக்கியது. தாய்மார்கள் வழக்குப் போட்டார்கள். 1979-ல் நீதிபதி சார்லஸ் ஜாய்னர் தீர்ப்பளித்தார். பிள்ளைகளின் வீட்டு மொழியை ஆசிரியர்கள் கணக்கில் எடுக்கத் தவறியதே அவர்கள் வாசிக்கக் கற்பதற்குத் தடையானது என்று கண்டார். அந்த மொழியை ஆசிரியர்கள் அறிந்துகொண்டு, அதன் துணையோடு பள்ளி ஆங்கிலத்தை வாசிக்கக் கற்றுக்கொடுக்க 30 நாளில் ஒரு திட்டம் தாருங்கள் என்று பள்ளி மாவட்டத்துக்கு உத்தரவிட்டார். பாடம் படிக்க வேண்டியவர்கள் ஆசிரியர்கள் என்று ஆனது. 1996 டிசம்பரில் ஓக்லாந்து பள்ளிக் குழு இதே வழியில் ஒரு தீர்மானம் போட்டபோது நாடே கேலி செய்தது. அடுத்த மாதமே அமெரிக்க மொழியியல் சங்கம், அந்த அணுகுமுறை மொழியியல்படியும் கற்பித்தல்படியும் சரியானதே என்று தீர்மானம் நிறைவேற்றியது. கேலி எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இந்தத் தீர்மானம் அவ்வளவாக நினைவில் இல்லை.

அதே ஓக்லாந்துக்குத்தான் நாம் மறுபடி வருகிறோம். 1969 ஜனவரியில் கருஞ்சிறுத்தைகள் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு தொடங்கிய ஊர் அது. பசியோடு இருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது அவர்கள் கண்ட எளிய உண்மை. 2010-ல் அந்நகரப் பள்ளி மாவட்டம், கறுப்பின ஆண் மாணவர்களின் முன்னேற்றத்துக்கென்றே தனி அலுவலகம் திறந்தது. அந்நாட்டுப் பள்ளி மாவட்டங்களில் அதுவே முதல் முயற்சி. பள்ளி நேரத்திலேயே அன்றாடம் ஒரு வகுப்பு. நடத்துபவர்கள் கறுப்பின ஆண் ஆசிரியர்கள். பாடம் அவர்கள் வரலாறு, வாழ்க்கை, மேற்படிப்பு. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட கணக்கின்படி, இந்த வகுப்பு நடந்த பள்ளிகளில் கறுப்பின ஆண் பிள்ளைகளின் இடைநிற்றல் 43 சதவீதம் குறைந்தது. கறுப்பினப் பெண் பிள்ளைகளிடமும் ஓரளவு குறைந்தது. ஒருவருக்கென்று செய்தது மற்றவரிடமிருந்து எதையும் பறிக்கவில்லை.

ஆனாலும் இத்தகைய முயற்சிகள் இப்போது தாக்குதலுக்கு உள்ளாகியிருக்கின்றன. லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி மாவட்டம் 2021-ல் பள்ளிக் காவல் படைக்கான நிதியில் 2.5 கோடி டாலரைக் குறைத்து, அதையும் சேர்த்துக் கறுப்பின மாணவர் முன்னேற்றத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஆலோசகர்கள், சமூகப் பணியாளர்கள், கூடுதல் பாட உதவி என்று பணம் போனது. 2023-ல் ஓர் அமைப்பு இது இனப் பாகுபாடு என்று மைய அரசிடம் புகார் கொடுத்தது. 2024-ல் மாவட்டம் இறங்கிவந்து, இனத்தை மட்டும் பார்த்துப் பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கமாட்டோம் என்று விதியை மாற்றிக்கொண்டது. பிரிவினையை ஒழிக்க வந்த சட்டத்தைக் காட்டியே, அந்தப் பிரிவினையால் நசுங்கியவர்களுக்கான உதவியை நிறுத்தச் சொல்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் சமம்தானே, இவர்களுக்கு மட்டும் தனியாக எதற்கு என்கிறார்கள். இந்தக் குரல் நமக்குப் புதிதா, தோழர்களே? இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் கேட்கும் குரல்தானே இது?

தண்டிக்கும்போது பிள்ளையின் இனம் பார்த்த பள்ளி, உதவும்போது மட்டும் இனம் பார்க்கமாட்டேன் என்று சொல்லக் கூடாது. எந்தப் பெயரால் ஒரு பிள்ளை ஒதுக்கப்பட்டதோ, அந்தப் பெயரைச் சொல்லித்தான் உதவியும் போய்ச் சேர முடியும். பொதுவாக எல்லோருக்கும் என்று எழுதப்பட்ட திட்டம், ஏற்கெனவே முன்வரிசையில் இருப்பவரிடமே முதலில் போய்ச் சேருகிறது.

மேலே பார்த்த எல்லாவற்றிலும் ஒரு பொதுவான நூல் ஓடுகிறது. உதவி பலித்த இடத்தில் எல்லாம் மாறியது பள்ளி. ஆசிரியரை நியமிக்கும் முறை மாறியது, தண்டனை விதி மாறியது, பிள்ளையின் மொழியைக் கேட்கும் காது மாறியது, கணக்கு எழுதும் வழக்கம் வந்தது. பிள்ளையிடம்தான் குறை என்று தொடங்கிய இடத்தில் எதுவும் பலிக்கவில்லை.

கலைந்து போகுமுன் நம் ஊர்ப் பள்ளியைப் பற்றியும் நான்கு கேள்விகளை மனதில் வைத்துக்கொள்வோம். நம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துபவர்களில் நம்மவர் எத்தனை பேர்? அடியும் வசையும் யாருக்கு அதிகம் விழுகின்றன? வீட்டில் பேசும் தமிழை வகுப்பில் பேசினால் யார் சிரிக்கிறார்கள்? பாதியில் நின்றுபோன பிள்ளையின் பெயர் யார் நோட்டில் இருக்கிறது? அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இந்த நான்கையும் எழுத்தில் கேட்போம். பதிலை எழுத்திலேயே வாங்குவோம்.