லினக்ஸ் வீட்டு வலையில் பெயர் மயக்கம்

கணினிகள் ஒன்றையொன்று எண்ணால் அறிவன. மாந்தரோ பெயரையே நினைவிற் கொள்வர். ஆதலின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் ஏற்பாடு இன்றியமையாததாயிற்று. முன்னர் ஆர்ப்பாநெட் என்னும் அமெரிக்க வலையில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே பட்டியலில் எழுதப்பட்டிருந்தன. கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் பைன்லர் அம்மையாரின் குழுவினர் அதனைப் பேணி வந்தனர். கணினிகள் பெருகவே, 1983-ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்பார், பலரும் பங்கிட்டுப் பேணத்தக்க டி.என்.எஸ். முறையை வகுத்தார். எனினும் பழைய பட்டியல் முற்றும் ஒழிந்திலது. லினக்ஸ் கணினியில் 'ஹோஸ்ட்ஸ்' என்னும் சிறு கோப்பாக அஃது இன்றும் இருக்கின்றது. வீட்டு வலையில் நேரும் மயக்கங்கள் பலவற்றுக்கு அதுவே பிறப்பிடம் என்பது நம் கருத்து.

ஒரு வீட்டில், கோப்புகளைச் சேமிக்கும் கணினிக்குப் 'பெட்டகம்' எனப் பெயரிட்டுள்ளனர் எனக் கொள்வோம். அதன் எண் 192.168.1.20. மற்றொரு கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அவ்வெண்ணை ஒருவர் எழுதி வைத்தார். சின்னாள் கழித்து ரூட்டர் பெட்டகத்துக்கு 192.168.1.35 என்னும் புது எண்ணை வழங்கி, அதனைத் தன் ஏட்டிலும் பதிந்துகொண்டது. அதன்பின் பெயரால் அழைத்தால் விடையில்லை. புது எண்ணால் அழைத்தால் உடனே விடை வருகின்றது. எனவே கம்பியிலும் பெட்டகத்திலும் குற்றமில்லை.

இந்நிலையில் பலர் 'டிக்' என்னும் கட்டளையால் ரூட்டரை நேரே வினவுவர். அது 35 எனச் சரியாகவே கூறும். வினவியவர் மயக்கமோ முன்னினும் மிகும். காரணம் யாதெனில், டிக் ஒருவரையே வினவுகின்றது. ஏனைய நிரல்களோ 'என்.எஸ்.ஸ்விட்ச்' கோப்பிற் குறித்த வரிசைப்படி பலரை வினவுகின்றன. அவ்வரிசையில் ஹோஸ்ட்ஸ் கோப்பே பெரும்பாலும் முன்னிற்கும். அங்கே விடை கிடைத்துவிட்டால், அது பழையதாயினும், ரூட்டரைக் கேட்பார் இல்லை. 'கெட்டென்ட் ஹோஸ்ட்ஸ் பெட்டகம்' என்னும் கட்டளை இவ்வரிசையைப் பின்பற்றுவதாதலின் 20 எனக் காட்டும். இரு விடையும் மாறுபடும் இடத்தே நோய் வெளிப்படுகின்றது.

கைவிடப்பட்ட 20 என்னும் எண் பிறிதொரு கணினிக்குச் சேருமாயின் தீங்கு பெரிது. எஸ்.எஸ்.எச். வழியே பெட்டகத்தை நாடுவோர்க்கு, எதிர்க்கணினியின் அடையாளச் சாவி மாறிவிட்டதென்று எச்சரிக்கை தோன்றும். அவசரக்காரர் பழைய சாவியை அழித்து மேற்சென்று, தம் கடவுச்சொல்லை அயற்கணினிக்குக் கொடுப்பர். நாய் குரைத்ததென்று நாயை விரட்டியதை ஒக்கும் இது.

உபுண்டு முதலியவற்றில் 'ரிசால்வ் கான்ப்' கோப்பைத் திறப்போர் 127.0.0.53 என்னும் எண்ணைக் கண்டு திகைத்தல் உண்டு. அஃது அக்கணினிக்குள்ளேயே இயங்கும் இடையாளின் எண். அவ்விடையாள் எவரை வினவுகின்றார் என்பதை 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' காட்டும். அக்கோப்பைக் கையால் திருத்துதல் வீண், திருத்தம் நிலைப்பதில்லை.

பெட்டகத்துக்கு மருந்து எளிது. ஹோஸ்ட்ஸ் கோப்பிலுள்ள பழைய வரியை நீக்குக. ரூட்டரில் 35 என்னும் எண்ணைப் பெட்டகத்துக்கே நிலையாக ஒதுக்குக. பின்னர்க் கெட்டென்ட் கட்டளையால் மீண்டும் வினவி, 35 என விடை வருதலைக் காண்க.