எழுபது, ஐம்பது: கார் கண்ணாடியின் கணக்கு

2012 ஏப்ரலில், எட்டு நாள் இடைவெளியில், ஒன்றையொன்று அறியாத இரண்டு செய்திகள் வெளிவந்தன. 19-ம் தேதி 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்ற மருத்துவ இதழ், 69 வயதான லாரி ஓட்டுநர் ஒருவரின் முகத்தைப் படமாக வெளியிட்டது. 28 ஆண்டுகள் லாரி ஓட்டியவர். அமெரிக்காவில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். அவருடைய வலது கன்னம் வயதுக்கேற்ற கன்னமாக இருந்தது. ஜன்னலோரம் இருந்த இடது கன்னமோ தடித்து, ஆழமாகச் சுருங்கி, இருபது வயது மூத்தவருடையது போலத் தொங்கியது. கண்ணாடியைத் தாண்டி வந்த புற ஊதாக் கதிர்தான் காரணம் என்றார்கள் மருத்துவர்கள்.

27-ம் தேதி டெல்லியில், 'அவிஷேக் கோயங்கா எதிர் இந்திய ஒன்றியம்' வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தலைமை நீதிபதி எஸ்.எச்.கபாடியா தலைமையிலான மூவர் அமர்வு அது. வண்டிக் கண்ணாடிகளில் எந்த அளவிலான கறுப்பு ஃபிலிமும் கூடாது. மே 4 முதல் நாடு முழுக்க இது அமல். ஒட்டியிருந்தால் அபராதம் போட்டால் மட்டும் போதாது, அங்கேயே உரித்தும் எடுக்க வேண்டும் என்று காவல் துறைக்கு உத்தரவு.

வெயிலைத் தடு என்கிறது மருத்துவம். தடுப்பதை உரித்தெடு என்கிறது நீதிமன்றம். கார் வைத்திருப்பவர்களின் பத்தாண்டுப் புலம்பல் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. ஆனால் இரண்டும் மோதவில்லை. மருத்துவர் பேசுவது ஒரு வகை ஒளி, சட்டம் பேசுவது வேறு வகை ஒளி.

தரைக்கு வந்து சேரும் சூரிய ஆற்றலில் ஏறக்குறைய பாதி அகச்சிவப்பு. கண்ணுக்குத் தெரியாது, சூடாக மட்டும் உறைக்கும். நாற்பது சதவீதத்துக்குச் சற்று மேல் கண்ணுக்குத் தெரியும் ஒளி. மிச்சமிருக்கும் சில சதவீதம் புற ஊதா. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-வது விதி அளக்கச் சொல்வது இதில் நடுவில் உள்ள ஒன்றை மட்டும்தான். முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் குறைந்தது 70 சதவீதத்தை உள்ளே விட வேண்டும். கதவுக் கண்ணாடிகள் 50 சதவீதத்தை விட வேண்டும். அகச்சிவப்பை எவ்வளவு மறிக்கலாம், புற ஊதாவை எவ்வளவு மறிக்கலாம் என்று விதியில் எந்தத் தடையும் இல்லை. இரண்டையும் முழுக்க மறித்தாலும் இந்த எண்களுக்குப் பங்கமில்லை.

சரி, ஏன் 50? நாற்பது ஏன் ஆகாது? இந்த எண்களை எப்படி முடிவு செய்தார்கள் என்ற விவாதத்துக்குள் போகாமல், அதன் பின்னால் இருக்கும் இயற்பியலை மட்டும் பார்ப்போம். காருக்குள் இருப்பவர் வெளியே பார்க்கும்போது ஒளி கண்ணாடியை ஒரு முறை கடக்கிறது. வெளியே நிற்பவர் பகலில் உள்ளே பார்க்கும்போது, அதே ஒளி இரண்டு முறை கடக்கிறது. வெயில் உள்ளே போய், உட்கார்ந்திருப்பவர் முகத்தில் பட்டு, மறுபடி கண்ணாடி வழியே வெளியே வர வேண்டும். 70 சதவீதக் கண்ணாடி என்றால் எழுபதில் எழுபது, அதாவது 49. ஐம்பது என்றால் 25. இருபது என்றால் வெறும் 4.

இதனுடன் இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன் மேல் நேராக விழும் ஒளியில் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். இரண்டு பரப்புக்குமாக 8. வெளியே நிற்பவர் கண்ணுக்கு, உள்ளிருந்து வரும் முகத்தோடு, கண்ணாடியில் பிரதிபலிக்கும் வானமும் எதிர்க் கட்டடமும் சேர்ந்தே வருகின்றன. 25-க்கு எதிரே 8 நின்றால் முகம் தெரியும். 4-க்கு எதிரே 8 நின்றால் வானம்தான் தெரியும். உள்ளே இருப்பவருக்கோ அப்போதும் வெளியுலகம் 20 சதவீத வெளிச்சத்தில் பளிச்சென்று இருக்கிறது. அவர் உங்களைப் பார்க்கலாம், நீங்கள் அவரைப் பார்க்க முடியாது. கூரையும் கதவும் மறைக்கும் வெளிச்சத்தைக் கணக்கில் எடுத்தால் நிலைமை இன்னும் மோசம். கறுப்புக் கண்ணாடிக் காருக்குள் நடந்த குற்றங்களைப் பேசும்போது உச்ச நீதிமன்றம் கவலைப்பட்டது இந்த ஒருதலைப்பட்சத்தைப் பற்றித்தான்.

குற்றத்தை விடுங்கள். சாலையில் தினமும் நடப்பது வேறு. நிறுத்தியிருக்கும் காரை ஒட்டிப் போகும் இரு சக்கர வண்டிக்காரர், பின்கண்ணாடி வழியே ஓட்டுநர் இருக்கையில் ஒரு தலை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போகிறார். தலை தெரிந்தால் கதவு திறக்கலாம்; சற்று விலகிப் போவார். பின்னால் வரும் கார்க்காரர் முன்னால் போகும் காரின் இரண்டு கண்ணாடிகளையும் ஊடுருவி, அதற்கும் முன்னால் பிரேக் விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறார். இரண்டும் 70 என்றால் 49 சதவீதம் தெரியும். பின்னது 20 என்றால் 14-தான். சிக்னல் இல்லாத சந்திப்பில், 'நீ போ, நான் நிற்கிறேன்' என்பதை நம் ஊரில் கண்ணால்தான் சொல்லிக்கொள்கிறோம். பல நாடுகள் பின்கண்ணாடியை விருப்பத்துக்கு விட்டிருக்க, இந்தியா அதையும் 70-ல் நிறுத்தியிருப்பது எனக்குச் சரியாகவே படுகிறது.

இரவில் கணக்கு மாறும். உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம். அதை ஐந்தில் ஒன்றாக்கினாலும் இருபதாயிரம் மிஞ்சும்; ஓட்டுநருக்கு ஒரு குறையும் தெரியாது. தெருவிளக்கு நன்றாக எரியும் சாலையில் பத்து லக்ஸ் இருக்கலாம். அதை ஐந்தில் ஒன்றாக்கினால் இரண்டு. கறுப்புச் சட்டை போட்டுச் சாலையைக் கடப்பவர் அந்த இரண்டு லக்ஸில்தான் தெரிந்தாக வேண்டும். நம் கண் வெளிச்சத்தை விகிதத்தில் உணர்வது. முப்பது சதவீதம் குறைந்தால்கூட அது குறைந்ததாகவே சொல்லாது. அதனால்தான் ஃபிலிம் ஒட்டிய எல்லோரும் 'எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது' என்று மனதார நம்பியே சொல்கிறார்கள். அறுபது வயதுக் கண்ணில், பாப்பா சுருங்கி, லென்ஸ் மங்கி, இருபது வயதுக் கண்ணுக்குக் கிடைக்கும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் விழித்திரைக்குப் போய்ச் சேருகிறது. அவர் ஏற்கனவே ஒரு ஃபிலிம் ஒட்டிக்கொண்டுதான் ஓட்டுகிறார்.

முன்கண்ணாடிக்கு இன்னொரு சுமை உண்டு. இப்போதைய கார்களில் அது வெகுவாகச் சாய்ந்திருக்கிறது. நேராக விழும்போது 8 சதவீதமாக இருந்த பிரதிபலிப்பு, அறுபது டிகிரி சாய்வில் 16-ஐத் தொடும். சோதனையில் கண்ணாடிக்கு நேர்குத்தாக ஒளி விட்டு 70 என்று அளந்தது, ஓட்டுநர் கண்ணுக்கு அதைவிடக் குறைவாகத்தான் வரும்.

ஃபிலிம் கடைகளில் நடக்கும் கணக்கைச் சொல்ல வேண்டும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையானாலும் உங்கள் ஊர் கார் அலங்காரக் கடையானாலும், 'ஐம்பது போட்டுக்கங்க சார், ஒண்ணும் ஆகாது' என்பார்கள். அந்த ஐம்பது ஃபிலிமின் எண். கண்ணாடியின் எண் அல்ல. கதவுக் கண்ணாடி தொழிற்சாலையிலிருந்து வரும்போதே லேசான பச்சைச் சாயலோடு வருகிறது. அது 75 சதவீதம் ஒளியை விடுவதாக வைத்துக்கொண்டால், மேலே ஒட்டிய ஐம்பதும் சேர்ந்து 37.5 ஆகிவிடும். எழுபது ஃபிலிம் ஒட்டினால் 52.5; மயிரிழையில் தப்பலாம். முன்கண்ணாடியும் அதே 75 என்றால், கண்ணுக்கே தெரியாத 90 சதவீத ஃபிலிம்கூட அதை 67.5-க்கு இறக்கிவிடும். எண்களைப் பெருக்க வேண்டும் என்பதைக் கடைக்காரர் சொல்வதில்லை.

அடுத்து வெப்பம். கறுப்பாக இருந்தால் குளுகுளுவென்று இருக்கும் என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை. மலிவான ஃபிலிம் என்பது சாயம் ஏற்றிய பாலியெஸ்டர் தாள். சாயம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்கும். வெயிலின் பாதியான அகச்சிவப்பில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். விழுங்கிய ஒளியும் எங்கும் போய்விடாது. ஃபிலிமும் கண்ணாடியும் சூடேறி, அந்தச் சூட்டில் ஒரு பங்கை உள்ளே இருப்பவர் தோள்மீதே வீசும். வெயிலில் நின்ற காரின் கறுப்புக் கண்ணாடியை உள்பக்கமாகத் தொட்டுப் பார்த்தால் புரியும்.

நேர்மாறாக, அந்தப் பச்சைச் சாயல் செய்யும் வேலை பலருக்குத் தெரியாது. கண்ணாடியில் கலந்திருக்கும் இரும்பின் ஒரு வடிவமான ஃபெர்ரஸ் அயனி, ஒரு மைக்ரான் அலைநீளத்தைச் சுற்றியுள்ள அகச்சிவப்பைக் குடித்துவிடும். பச்சையை அதிகம் தொடாது. நம் கண்ணுக்குப் பகலில் 555 நானோமீட்டர் பச்சைதான் மிகப் பிரகாசம். ஒளி ஊடுருவும் சதவீதத்தைக் கணக்கிடும்போது கண்ணின் இந்தச் சார்பையும் சேர்த்துத்தான் கணக்கிடுகிறார்கள். எனவே பச்சையை விட்டு அகச்சிவப்பைப் பிடிக்கும் கண்ணாடி, சட்டத்தின் தேர்விலும் தேறும், வெயிலையும் தணிக்கும். இதே தந்திரத்தை மெல்லிய தாளில் செய்வதுதான் செராமிக் ஃபிலிம். டங்ஸ்டன், இண்டியம், ஆண்டிமனி போன்றவற்றின் ஆக்சைடுத் துகள்களை நானோ அளவில் பொடித்து ஏற்றியிருப்பார்கள். பார்த்தால் ஒன்றும் ஒட்டாத கண்ணாடி மாதிரி இருக்கும். உலோகப் பூச்சுள்ள பழைய வகைக்கு வேறொரு தொல்லை: முன்கண்ணாடியில் ஒட்டினால் சுங்கச்சாவடியின் ரேடியோ அலை ஃபாஸ்டேக்கை எட்டுவதற்குத் தடுமாறும்.

எந்த ஃபிலிமும் ஒட்டாமலே முன்கண்ணாடி புற ஊதாவை ஏறக்குறைய முழுக்க மறித்துவிடுகிறது. அது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் தாளை வைத்து அழுத்திய லேமினேட்டட் வகை. அந்தத் தாள்தான் மறிக்கிறது. கதவுக் கண்ணாடி பெரும்பாலும் ஒற்றைக் கண்ணாடி. 2016-ல் 'ஜாமா ஆப்தல்மாலஜி' இதழில் வந்த ஓர் ஆய்வு 29 கார்களை அளந்தது. புற ஊதா-ஏ கதிரை முன்கண்ணாடிகள் சராசரியாக 96 சதவீதம் தடுத்தன. கதவுக் கண்ணாடிகளின் சராசரி 71. ஆனால் காருக்குக் கார் 44-லிருந்து 96 வரை ஊசலாடியது. அந்த லாரி ஓட்டுநரின் கன்னம் ஒரு பக்கமாகக் கெட்டதற்கு விளக்கம் இங்கே இருக்கிறது. நம் ஊரில் ஓட்டுநருக்கு அது வலது கன்னம், வலது முழங்கை. (முழங்கையை வெளியே நீட்டி ஓட்டும் நம் லாரிக்காரர்களுக்குக் கண்ணாடியைப் பற்றிய எந்தச் சட்டமும் பொருந்தாது.)

மற்ற நாடுகள் ஆளுக்கொரு கோடு போட்டிருக்கின்றன. பிரிட்டனில் 1985 ஏப்ரலுக்குப் பிந்தைய கார்களுக்கு முன்கண்ணாடி 75, முன்கதவு 70, பின்பக்கம் கட்டுப்பாடே இல்லை. சிங்கப்பூரில் முன்பக்கம் எல்லாம் 70, பின்பக்கம் 25. மலேசியா 2019-ல் முன்கதவுக்கு 50 வைத்து, பின்பக்கத்தைத் திறந்துவிட்டது. டெக்சாஸில் முன்கதவே 25 வரை இருட்டாகலாம். அதே அமெரிக்காவின் கலிபோர்னியா 70 கேட்கிறது.

இந்தியாவின் தனித்தன்மை எண்ணில் இல்லை. விதி சொன்னது கண்ணாடி எவ்வளவு ஒளி விட வேண்டும் என்று. நீதிமன்றம் அதை எப்படிப் படித்தது? தயாரிக்கும்போதே 70, 50 இருக்கும்படி சாயமேற்றிய கண்ணாடி சரி. பிறகு அதன் மேல் எதையும், எந்தச் சதவீதத்திலும், ஒட்டக் கூடாது. இசட், இசட் பிளஸ் பாதுகாப்பு உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு. அளவைப் பற்றிய விதி, பொருளைப் பற்றிய தடையாக மாறியது. அறிவியல்படி பார்த்தால் இது கோணல். 52 சதவீதம் விடும் கண்ணாடி தொழிற்சாலையில் சாயமேறியதா, கடையில் தாள் ஒட்டியதா என்று ஒளிக்குத் தெரியாது. ஆனால் நடைமுறையில் ஒரு வசதி இருந்தது. ஒளி அளக்கும் மீட்டர் சின்னக் கருவிதான். கண்ணாடியின் ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் உணரி. அதுகூடக் கையில் இல்லாத காவலர், நகத்தால் சுரண்டினால் போதும்.

2020-ல் மத்திய அரசு 100-வது விதியைத் திருத்தியது. 'பாதுகாப்புக் கண்ணாடி' என்று மட்டும் இருந்த இடத்தில், பிளாஸ்டிக் படலம் சேர்ந்த கண்ணாடியையும் உள்ளடக்கும் பொதுச் சொல் நுழைந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் அமல். அதை வைத்து 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி என்.நகரேஷ், தர நிர்ணயத்துக்கு உட்பட்டு, 70-க்கும் 50-க்கும் குறையாமல் இருந்தால் ஃபிலிம் ஒட்டலாம் என்று தீர்ப்பளித்தார். பழைய தீர்ப்பு பழைய விதியைப் பற்றியது என்பது அவர் வாதம். எண்ணுக்கே திரும்பிப் போகும் இந்தப் பார்வைதான் எனக்கு ஏற்புடையது. மீட்டர் வாங்கும் செலவு காவல் துறைக்குப் பெரிதல்ல.

ஆனால் கேரளத் தீர்ப்பு சென்னை உயர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. பாலக்காட்டில் 52 சதவீதக் கதவுக் கண்ணாடியோடு கிளம்பிய கார் வாளையாறு தாண்டிக் கோவைக்குள் வந்தால், மறிக்கும் காவலர் 2012 தீர்ப்பைக் காட்டலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-வது பிரிவில் பொது அபராதம் முதல் முறை 500 ரூபாய் வரை, மறுமுறை 1,500 வரை. உரித்த செராமிக் ஃபிலிமின் விலை தனி.