அலுமாரியில் இருக்கும் உறுதி போதுமா?



உங்கள் வீட்டு உறுதி எங்கே இருக்கிறது? "வாப்பா தந்தது, அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது" என்பீர்கள். நல்லது. ஆனால் அது காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருக்கிறதா? நம்மில் பலர் இதைக் கேட்டே பார்த்ததில்லை.

இலங்கையில் தனியார் காணியையோ வீட்டையோ வாய்ப்பேச்சால் கைமாற்ற முடியாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி அது எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும், குறைந்தது இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிடப்பட வேண்டும்.

கையொப்பம் வைத்ததோடு எல்லாம் முடிந்துவிட்டதா? ஓர் உதாரணத்தைப் பாருங்கள். மகளின் கல்யாணத்தின்போது வாப்பா வீட்டை அவளுக்கு நன்கொடையாக எழுதிக் கொடுக்கிறார். மகள் அதைப் பதியவில்லை. சில வருடங்களில் பணமுடை வருகிறது. அதே வீட்டை வாப்பா வேறொருவருக்கு விற்றுவிடுகிறார். வாங்கியவர் தமது உறுதியை உடனே பதிந்துகொள்கிறார். இப்போது வீடு யாருக்கு?

1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டம், விலை கொடுத்து வாங்கி முந்திப் பதிந்தவருக்கே முன்னுரிமை தருகிறது. அவர் மோசடியாலோ கூட்டுச் சதியாலோ அந்த உறுதியை அல்லது பதிவைப் பெற்றார் என்று காட்டினால் மட்டுமே அந்த முன்னுரிமை போகும். அதைக் காட்டுவது எளிதா, சகோதரியே?

"நொத்தாரிசு பதிவகத்துக்கு அனுப்பியிருப்பாரே" என்று சிலர் சொல்வார்கள். அவர் மாதந்தோறும் அனுப்புவது உறுதியின் இரண்டாம் பிரதி. பதிவு என்பது வேறு. மூல உறுதியைப் பதிவுக்குக் கொடுத்து, அந்தக் காணிக்குரிய பக்கத்தில் விபரம் எழுதப்பட வேண்டும். பழைய உறுதியையும் நொத்தாரிசிடம் காட்டுங்கள். அப்போதுதான் சரியான பக்கத்தில் பதியலாம்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். உரிமையில்லாத ஒருவர் எழுதிய உறுதி, பதிந்ததால் மட்டும் நல்ல உறுதியாகிவிடாது. ஆகவே காணி வாங்குமுன் பதிவேட்டைப் பாருங்கள். கடைசி உரிமையாளர் யார், ஈடு வைக்கப்பட்டிருக்கிறதா என்பது அங்கே தெரியவரும்.

நமது நன்கொடைகளுக்குத் தனி விதியும் உண்டு. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டப்படி, மீளப்பெற முடியாதது என்று உறுதியிலேயே எழுதியிருந்தால்தான் அந்த நன்கொடை அவ்வாறு கருதப்படும். உறுதியைக் கையில் ஒப்படைப்பது, ஆதனத்தின் உடைமையை ஒப்படைத்ததற்குச் சான்றாக ஏற்கப்படும். ஆகவே அந்த வாசகம் இருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். உறுதியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம்மவர்களில் பலரும், 2004 சுனாமியில் கரையோரத்தில் வாழ்ந்தோரில் பலரும் உறுதிகளை இழந்தார்கள். தாள் போனாலும் உரிமை போவதில்லை. உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் தெரிந்தால் பதிவகத்தில் உள்ள பிரதியிலிருந்து உறுதிப்படுத்திய பிரதி கோரலாம். அந்த மூன்றையும் இன்றே ஒரு கொப்பியில் எழுதி, மூத்த மகளிடமும் ஒன்று கொடுத்து வையுங்கள்.

கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதி, சாட்சி வைக்கச் சொன்ன மார்க்கம் நமது. குடியிருக்கும் வீட்டின் விடயத்தில் பராமுகமாக இருக்கலாமா? இஷாவுக்குப் பின் அலுமாரியைத் திறந்து அந்த உறுதியை எடுத்துப் பாருங்கள். பதிவுக் குறிப்பு இல்லையென்றால், நாளைக் காலையிலேயே புறப்படுங்கள்.