சொந்த மலையில் போட்டியிட முடியாதவர்கள்

பச்சைமலை மலையாளிப் பழங்குடியினருக்குத் திருச்சி மாவட்டத்தில் உப்பிலியபுரம் என்றொரு தனித்தொகுதி இருந்தது. 2008 தொகுதி மறுசீரமைப்பில் அது போயிற்று. மலை இப்போது துறையூரில். அதுவோ பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. அங்கே பழங்குடியினர் வாக்களிக்கலாம், வேட்பாளராக முடியாது. ஸ்ரீரங்கத்தில் வேண்டுமானால் நிற்கலாம், அது பொதுத்தொகுதி!

தமிழக மக்கள்தொகையில் 1.1 விழுக்காடாக உள்ள பழங்குடியினருக்குச் சட்டமன்றத்தின் 234 இடங்களில் ஏற்காடு, சேந்தமங்கலம் என இரண்டு போதாதா என்பார்கள். கணக்கு ஏறக்குறைய சரிதான். ஆனால் பச்சைமலைக்காரருக்கு ஏற்காட்டு உறுப்பினர் எட்டாக்கையில் இருப்பவர். தனித்தொகுதியிலும் வெற்றியைத் தீர்மானிப்பது சமவெளி வாக்கும் கட்சித் தலைமையும்தானே என்ற ஆட்சேபம் இன்னும் வலுவானது. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் தனி வாக்காளர் பட்டியல் வழியே ஏழு உறுப்பினர்களைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கே அந்த வழியில்லை. இருந்தும், கட்சிகள் பழங்குடி வேட்பாளரைத் தேடி மலையேறியது உப்பிலியபுரம் தொகுதி இருந்தவரைதான்.